எட்டடி பேனர்

"பத்தடிய எட்டடி ஆக்கும்மா. கட்டற எடம் சின்னதா இருக்குது" என்றார் சங்கத் தலைவர் ராஜாங்கம்.

பேனர் கடையில் டிசைன் போடுகிற ஜெயசுதாவுக்குப் புரியவில்லை. நேற்று பத்தடி என்று சொன்னவரும் இவர்தான். நாளைக்குக் கள்ளக்குறிச்சியில் மறியல். சங்கத்துப் பையன்கள் ஆறு பேர் வரிசையாக நிற்கிற படம், மேலே 'இட ஒதுக்கீடு எங்கள் உரிமை'. பேனர் தயாராகவே இருந்தது.

கம்ப்யூட்டரில் கேன்வாஸ் சைஸைத் திறந்தாள். பத்தை அழித்து எட்டு போட்டாள். இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி போனது. இடது ஓரத்தில் நின்றவனுக்குப் பாதி முகம். வலது ஓரத்தில் நின்றவனுக்கும் பாதி முகம்.

"எம் பையன் மூஞ்சி இன்னா ஆச்சு?"

"ரெண்டு பக்கமும் சமமா வெட்டிடுச்சுண்ணா. இருங்க, கேன்வாஸ வெட்டாம படத்தயே சுருக்கறேன். ஆறு பேரும் உள்ள வந்துடுவாங்க."

"சுருக்காத. இடது பக்கத்துல கை வைக்காம, ரெண்டடியயும் வலது பக்கமே வெட்டு."

"அங்க பகலவன் நிக்கறாரே?"

"போனா போவட்டும்."

தலைவர் மகன் சுபாஷ் இருக்கணும். அவர் நிலத்தில் கூலி வேலை செய்கிற சின்னக்கண்ணுவின் மகன் போகலாம். அப்படித்தானா? போன மாதம் தியாகதுருகத்தில் முதல் ஆளாக ரோட்டில் உட்கார்ந்தவன் பகலவன் ஆயிற்றே.

வலது பக்கம் மட்டும் வெட்டினாள். சுபாஷ் முழுசாக வந்தான். பகலவன் முழுசாகப் போனான்.

அந்த நேரம் பார்த்து பகலவனே உள்ளே வந்தான்.

"மாமா, பத்தடிக்குக் கழி நட்டாச்சு." திரையைப் பார்த்தான். "இன்னா மாமா, என்னயக் காணோம்?"

"எடம் பத்தல."

"பத்தலயா? இப்பத்தான நட்டுட்டு வரேன்."

"நட்டா? எல்லா மூஞ்சியயும் பேனர்ல போடுவாங்களா? மூஞ்சி காட்டத்தான் சங்கத்துக்கு வந்தியா நீ?"

பகலவன் தோளில் கிடந்த சங்கத்துத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"கழி நட மட்டும் நான் வேணும். நாளைக்கு உங்க மறியல நீங்களே பாத்துக்குங்க, தலைவரே. நான் கரியாலூருக்கு, சித்தி வூட்டுக்குப் போறேன்."

"போயேன். யாரு வேணாம்னா."

பைக் சத்தம் தேயும்வரை ராஜாங்கம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயசுதாவால் அடக்க முடியவில்லை. "சுருக்கினா எல்லாரும் வருவாங்கன்னு சொன்னேனேண்ணா. கூலிக்காரர் வூட்டுப் புள்ளன்னா அவ்ளோ எளக்காரமா?"

"அவன் போலீஸ் வேலைக்குத் தேறிட்டாம்மா. ஆர்டர் குடுக்கறதுக்கு முன்ன கேஸ் இருக்குதான்னு விசாரிப்பாங்க. போன தடவ பேனர்ல இருந்தவங்க மேலதான் கேஸ் போட்டாங்க. அதுல இவன் இல்ல, தப்பிச்சான்."

"அத அவருகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாமயா? வேல கெடக்குது மாமா, நான்தான் மொத ஆளுன்னு குதிச்சிக்கினு இருந்தான். கோவம் வந்தாத்தான் அவன் வரமாட்டான்."

ஜெயசுதா திரையைப் பார்த்தாள். இடது ஓரத்தில் சுபாஷ் சிரித்தபடி நின்றான்.

"அப்ப உங்க பையன் மேல கேஸ் வராதாண்ணா? அவரையும் எடுத்துடட்டுமா? ஒரு நிமிஷ வேலதான்."

"வரும்" என்றார் ராஜாங்கம். "மத்தவங்க புள்ளைங்கள ரோட்ல உக்கார வெச்சுட்டு, எம் புள்ளய எப்படிம்மா வூட்ல வெச்சுக்கறது?"