டொமினிக் சம்மாட்டியும் கடற்பசுவும்

“மாக்கிறட், இஞ்ச ஓடி வா! அந்தப் பாவி திரும்பவும் அழிச்சுப்போட்டான்!”

டொமினிக் சம்மாட்டி போட்ட சத்தத்தில், குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி மாக்கிறட் கத்தியோடு வந்துவிட்டாள்.

“ஆர், என்னத்தை அழிச்சவன்?”

“கடற்பசு!”

கடற்பசு என்பது ஓர் ஆளின் புனைபெயர். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் தமிழ்க் கலைக்களஞ்சியத்தில், புதிதாக வருபவர்கள் எழுதுவதைப் பார்த்துத் திருத்துகிறவர்களில் ஒருவர். முகமும் தெரியாது, ஊரும் தெரியாது.

டொமினிக் அங்கே சேர்ந்து இரண்டு கிழமைதான். கரைவலைப்பாடு பற்றி ஒரு பக்கம் போட்டார். கரையில் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை வளைக்கலாம் என்ற உரிமைக்குப் பெயர் பாடு. சொந்த வலையும் ஆட்களும் வைத்துத் தொழில் செய்யும் சம்மாட்டி என்பதால், அவருக்கும் ஒரு பாடு உண்டு. பக்கத்தைப் போட்ட கையோடு, ஞாயிறு பூசை முடிந்து வந்த சனத்திடமெல்லாம் “இனி எங்களை உலகம் முழுக்கத் தெரியும்” என்று அளந்துவிட்டார். அதே கரையில் தொழில் செய்யும் இளம் மீனவன் றெனால்ட், கோயில் வாசலிலேயே போனை எடுத்துத் தேடினான்.

“சம்மாட்டி, ஒண்டையும் காணேல்லையே!”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. “வாற ஞாயிறு பார், கட்டாயம் இருக்கும்” என்று வாயை விட்டுவிட்டு வந்தவருக்கு, அதற்குப் பிறகு சோறும் சரியாக இறங்கவில்லை.

பக்கம் போனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மீனவர் சங்க ஆண்டு மலரில் ஜெஸ்லியா என்ற பெண் எழுதிய கட்டுரையை, மனிசன் ஒரு முற்றுப்புள்ளி பிசகாமல் அப்படியே தட்டிப் போட்டிருந்தார். கடற்பசுவின் குறிப்பு வந்தது.

“இது வேறொருவரின் எழுத்து. காப்புரிமை உண்டு. நீக்கியுள்ளேன்.”

டொமினிக் விடுவாரா? ‘மீன்’ என்று இருந்த இடமெல்லாம் ‘மச்சம்’ என்று மாற்றிப் போட்டார்.

“சொல்லை மாற்றினாலும் எழுத்து அவருடையதே. சொந்த நடையில் எழுதுங்கள்.”

சரியென்று சொந்த நடையில் எழுதினார். ‘மன்னார்க் கரையிலேயே பேர்போன சம்மாட்டி திரு. டொமினிக்’ என்று தொடங்கினார். இன்றைக்கு அதுவும் போய்விட்டது.

“தன்னைத் தானே புகழ்ந்து எழுதக்கூடாது. ஆதாரமும் தேவை. மலரில் உள்ளதே வேண்டுமென்றால், எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள்.”

“கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு கனடாக் குளிருக்க இருக்கிறவன் போல. பேர் கடற்பசுவாம்! கடலைக் கண்ணால கண்டிருப்பானோ?” என்று பொரிந்தார் டொமினிக். “சங்கத்து மலர் எங்கட மலர்தானே. எடுத்தால் என்ன?”

மாக்கிறட் கத்தியைக் கீழே வைத்தாள்.

“இஞ்சருங்கோ, போன மாசம் றெனால்ட் உங்கட பாட்டுக்குள்ள கேக்காமல் வலை வளைச்சதுக்கு என்ன துள்ளுத் துள்ளினீங்கள்?”

“அது என்ர பாடு!”

“இது அந்தப் பிள்ளையின்ர பாடு. கடல் எல்லாருக்கும் பொது எண்டு அவனும்தானே சொன்னவன்?”

டொமினிக்குக் கோபம் வந்தது. என்றாலும் மலரை எடுத்து, ஜெஸ்லியாவின் விலாசத்தைத் தேடினார்.

அடுத்த நாள் காலை, நல்ல அறக்குளா மீன் கருவாடாகப் பார்த்துச் சுற்றி எடுத்துக்கொண்டு சிலாவத்துறைக்கு பஸ் ஏறினார். ஜெஸ்லியா வீட்டு முன்பக்கத்தில் போட்டோக்கொப்பி எடுக்கும் கடை வைத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். சுவரில், ‘முழுப் புத்தகமும் கொப்பி எடுத்துத் தரப்படமாட்டாது’ என்று ஒட்டியிருந்தது. டொமினிக் அதை வாசித்தார், வாசித்ததோடு சரி.

“வாங்கோ அண்ணன், இருங்கோ.” கதிரையை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணியும் வந்தது.

டொமினிக் கருவாட்டை நீட்டிவிட்டு நடந்ததைச் சொன்னார். “கேளாமல் எடுத்தது என்ர பிழைதான், தங்கச்சி. றெனால்டுக்கு ஒரு நியாயம், எனக்கொரு நியாயம் எண்டு இருக்கேலாது.”

“அதுக்கென்ன அண்ணன், நாலு பேர் வாசிக்கத்தானே எழுதினது. இப்பவே அனுமதி அனுப்புறன்” என்று கொம்பியூட்டர் முன்னால் இருந்தாள்.

மனப்பாரம் இறங்கியதும் டொமினிக்கின் நாக்குக்குக் கால் முளைத்துவிட்டது.

“நீங்கள் தங்கமான பிள்ளை. அந்தக் கடற்பசு இருக்கிறானே, ஈவிரக்கம் இல்லாதவன். உங்களிட்ட வந்து அவன் பாடம் படிக்கவேணும்.”

ஜெஸ்லியா நிமிரவில்லை. தோள் மட்டும் இலேசாகக் குலுங்கியது. “ஓம் அண்ணன், கொஞ்சம் இறுக்கமான ஆள்தான்.”

“நேரில கண்டனெண்டால் நறுக்கெண்டு ரெண்டு கேள்வி கேப்பன்!”

“கேளுங்கோ, கேளுங்கோ. முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது.”

ஞாயிறு பூசை முடிந்ததும் றெனால்ட் போனைத் திறந்தான். பக்கம் இருந்தது. சனம் கைதட்டியது.

“சிலாவத்துறை ஜெஸ்லியா எழுதினது. கேட்டுத்தான் போட்டனான்” என்றார் டொமினிக், நெஞ்சை நிமிர்த்தி.

“அப்ப சம்மாட்டி, நாளைக்கு உங்கட பாட்டுக்குள்ள ஒருக்கா வளைக்கட்டோ? நானும் கேட்டுத்தான்!”

டொமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வளையடா, வளை!”

வீட்டுக்கு வந்து பார்த்தால், கடற்பசுவிடமிருந்து ஒரு செய்தி.

“உங்கள் பக்கத்தை வேறொருவர் சரிபார்த்துத் திரும்பப் போட்டிருக்கிறார். என்னுடைய எழுத்து என்பதால் அதில் நான் கை வைக்கவில்லை. என்னுடையதுதானே என்று முதல் நாளே பேசாமல் விட்டிருந்தால், மற்றவர்களுடையதை எந்த முகத்தோடு அழிப்பது? கருவாடு நல்ல ருசி, அண்ணன். அந்த ரெண்டு கேள்வியையும் கேக்க எப்ப வாறீங்கள்?”