மீன்கூடைக்கு இடமில்லை

"காதுல தண்ணி பூந்தா மாதிரி கீது கண்ணு. எம் புள்ள முழுகிகினே கத்தறா மாதிரி கீது. நீயே கேளு."

அங்காளம்மாள் ஹெட்போனைக் கழற்றி மஹாலட்சுமியின் காதில் வைத்தாள். அவள் பெருவிரலில் இருந்த நீல மை ஹெட்போன் பஞ்சில் லேசாக ஒட்டியது.

பஹ்ரைனிலிருந்து குணாவின் குரல் "அம்..." என்று வந்தது. பிறகு கரகரப்பு. பிறகு ஒன்றுமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "...ம்மா..."

மஹாலட்சுமி சட்டென்று ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

நாவலூரில் அந்த பிரவுசிங் சென்டரில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். முதலாளி லோகநாதன். கேபிள் டிவியோடு சேர்த்து ஊருக்கே நெட் லைன் கொடுப்பவர். பக்கத்துக் கடையில், காசு கொடுத்து வெளிநாட்டுக்குப் போன் பேசும் அவருடைய ஐ.எஸ்.டி. பூத். நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

அங்காளம்மாள் கோவளத்துக்காரி. அபார்ட்மெண்ட்களில் மீன் விற்றுவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் காலிக் கூடையோடு இங்கே வருவாள். வெள்ளிக்கிழமைதான் குணா வேலை செய்யும் படகு கரையில் இருக்கும். அவனிடம் போன் கிடையாது, எழுதவும் வராது. அங்கே ஒரு நெட் சென்டரில் யாராவது லைன் போட்டுக் கொடுத்தால் பேசுவான்.

"மூணு வாரமா இதே கததான். அம்மான்றான், அப்பால ஒரே கத்தல். அடிக்கிறானுங்களா? சோறு போடலியா? கண்ண மூடுனா அவன் கொரல்தான் கண்ணு. தூக்கமே வர்ல."

"அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா. லைன்தான்..." மஹாலட்சுமி தடுப்பைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"லைனுக்கு இன்னா நோவு? அதோ, அந்த கம்பெனிக்காரு போட்டோ பாத்துகினு கீறாரு. அவுருக்கு மட்டும் ஜோரா வர்து. அவுரு துட்டுதான் துட்டா?"

கல்லூரியில் படித்தது எதுவும் இவளிடம் எடுபடாது. மஹாலட்சுமியின் பார்வை கூடையில் விழுந்தது.

"அக்கா, பஸ்ல உங்க கூடையை ஏத்துறாங்களா?"

"அத்த ஏன் கேக்கற! எனக்கும் டிக்கெட் எடுக்கறேன், கூடைக்கும் எடுக்கறேன். அப்பவும் அந்தக் கண்டக்டரு 'மீனா? அடுத்த பஸ்ல வா'ன்றான். காய்கறி மூட்ட ஏறுது, பூக்கூட ஏறுது. எங்கூடதான் ரோட்ல காயுது."

"அதேதான்க்கா இங்கயும். லைன்றது பஸ். லெட்டர், போட்டோ, பேச்சு, எல்லாமே கூடைங்க. காசு வாங்கியாச்சுன்னா கூடைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கக் கூடாது, வந்த வரிசையில ஏத்தணும். இங்க பேச்சை மட்டும் கடைசிக்குத் தள்ளிடறாங்க."

"லேட்டானா இன்னா? வந்து சேந்துடணும்ல?"

"லெட்டர் கருவாடு மாதிரி. எப்ப வந்தாலும் கெடாது. பேச்சு பச்சை மீன்க்கா."

அங்காளம்மாளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யாரு இங்க அந்தக் கண்டக்டரு? இரு, ஒங்க லோகநாதன் சாராண்ட சொல்றேன். தங்கமான மனுசன். எம் மனைக்குப் பட்டா வாங்கித் தரேன்னு, இன்னிக்கிக் காலைல யாவாரம் முடிஞ்சதும் அவுரு கார்லயே ஆபீசுக்கு இட்டுகினு போனாரு."

"வேணாம்க்கா!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். மஹாலட்சுமி மூச்சை அடக்கிக்கொண்டாள். சத்தம் நின்றது.

"இன்னாத்துக்கு இப்டி நடுங்கற?" அங்காளம்மாளும் குரலைத் தாழ்த்தினாள். "நா பஸ்காரனையே வுடல. 'மேல சொல்றாங்கோ, நா இன்னா பண்றது'ன்னான். சொன்னது அவுங்க வாயி, எங்கூடைய எறக்குனது ஓங் கையிதானடான்னு கேட்டுட்டேன்."

மஹாலட்சுமி தன் கையைப் பார்த்தாள். அது மவுஸின் மேல் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு லோகநாதன் வந்து நின்றது இந்த மேஜைக்கு எதிரில்தான். 'பூத்துல ஈ ஓட்டுறேன். நெட்டுல வர்ற பேச்சை எல்லாம் கடைசிக்குத் தள்ளிடும்மா. முடியாதுன்னா நாளைலேர்ந்து வர வேணாம்.' எப்படித் தள்ளுவது என்று அந்த ஊரில் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். மறுபேச்சுப் பேசாமல், திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒரே ஒரு டிக் அடித்தாள்.

தடுப்பை இன்னொரு முறை பார்த்தாள். அந்த டிக்கை எடுத்துவிட்டாள்.

அங்காளம்மாள் துள்ளி எழுந்தாள். "குணா! கேக்குதுடா! பக்கத்துல நின்னு பேசறா மாதிரி கீதுடா! இந்தா கண்ணு, நீயும் கேளு!" ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி மஹாலட்சுமியின் காதோடு வைத்தாள்.

"மூணு வாரமா தொண்ட கிழியக் கத்தறேம்மா! நீ போன மாசம் சொன்னியே, அது பட்டா இல்ல, கிரயப் பத்திரம்! கானத்தூர் சரசு மனையவும் அந்த லோகநாதன் இப்டிதான் எழுதி வாங்கினானாம், அவ அண்ணன் எங்கூடதான் வேல செய்றான். அந்த ஆளு எங்க கூப்ட்டாலும் போவாத, எதுலயும் கைநாட்டு வெச்சிடாத!"

அங்காளம்மாள் ஹெட்போனைப் பிடித்திருந்த கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். பெருவிரலில் காலையில் ஒட்டிய நீல மை இன்னும் போயிருக்கவில்லை.