கதவு வரைக்கும் நடங்க

மகளின் சிறுநீர்க் குப்பியை அவன்தான் கொட்டினான்.

மூன்று வயதுக்காரியைக் கெஞ்சிக் கூத்தாடி, குழாயைத் திறந்துவிட்டு ஓசை காட்டி, முக்கால் மணி நேரம் தவம் கிடந்து பிடித்தது. டாக்டரம்மாவின் மேசைக்கு இரண்டடி முன்னால் கால் இடறி, அத்தனையும் அவன் சட்டையில்.

"சட்டையப் பிழிஞ்சு டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம் டாக்டர்."

யாரும் சிரிக்கவில்லை.

இவர் ஆறாவது டாக்டர். மகளின் கால்கள் வில்லாக வளைந்துகொண்டே போகின்றன. முந்தைய ஐந்து பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: வைட்டமின் சொட்டு, பால், வெயில். ஏன் நிமிரவில்லை என்று கேட்டால், இன்னும் மூன்று மாதம் பார்ப்போம்.

மூன்று மூன்றாக ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

டாக்டர்களிடம் காட்ட முடியாத கோபத்தை அவன் வீட்டில் காட்டினான். "வெயில்ல காட்டினியா, இல்லையா?" தினமும் இதே கேள்வி. மனைவி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். காட்டிக் காட்டி அவள்தான் கறுத்துப்போனாள்.

இங்கேயும், ஜன்னல் வழியாக விழுந்த வெயில் கட்டத்துக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"அந்தக் கதவு வரைக்கும் நடங்க."

"சட்டை காயறதுக்கா?"

"நடங்க."

நடந்தான். வாத்துபோல ஆடி ஆடிப் போய்த் திரும்பினான். பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் 'கவட்டை' என்று பெயர். முழங்கால்களுக்கு நடுவே பந்தை உருட்டவிட்டுக் கைதட்டல் வாங்கியவன். பெண் பார்க்கப் போகும் முன் தொளதொள பேன்ட்டுக்கு மாறியவன், பிறகு அதைக் கழற்றியதே இல்லை.

"பல்லுல சீழ் கட்டுமா?"

வாயைத் திறந்து காட்டினான். சொத்தை இல்லாமலே சீழ் கட்டிப் போனவை ஐந்து.

"எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் சத்து சிறுநீர்ல போயிடுதுன்னு நினைக்கிறேன். டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கலாம். இதுக்கு மருந்து இருக்கு. வெறும் வெயில் போதாது."

"அது எப்படி டாக்டர் இவளுக்கு வந்துச்சு?"

"உங்ககிட்டேர்ந்து."

ஒரு ஜோக்குக்காக வாயைத் திறந்தான். வரவில்லை.

மனைவி எழுந்து, நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.