தனஞ்செயனுக்கும் பங்கஜத்துக்கும் கல்யாணம்

ஒரு நூலகத்து எலி, துப்பறியும் நாவலில் வரும் தனஞ்செயனுக்கும் பேய்க்கதையில் வரும் பேய் பங்கஜத்துக்கும் கல்யாணம் நிச்சயமாவதாக ஒரு கதை எழுதியது. அதைத் துப்பறியும் நாவல் அலமாரியில் குடியிருந்த பல்லிக்கும் பேய்க்கதை அலமாரியில் குடியிருந்த கரப்பானுக்கும் படித்துக் காட்டியது.

"பேய் இருக்குன்னே எங்க தனஞ்செயன் நம்பமாட்டார்! அவர் எப்படிப் பொண்ணு பார்க்கப் போவார்?" என்று பல்லி கத்தியது.

"நம்பாத ஆளுக்கு எங்க பங்கஜத்தைக் கொடுக்கமாட்டோம்!" என்று கரப்பான் குதித்தது.

கோபத்தில் பல்லி கரப்பானை விழுங்கவே வாயைத் திறந்துவிட்டது. எலி பயந்துபோய், "சண்டை வேண்டாம், கதையைக் கிழிச்சுடறேன்" என்று தாளைப் பல்லில் கவ்வியது.

இரண்டும் பாய்ந்து தடுத்தன.

"பாதியில கிழிக்காதேடா! முதல்ல தாலி கட்டட்டும்" என்றது பல்லி.

"அதான் கவலையா இருக்கு," என்றது கரப்பான். "பேய் கழுத்துல தாலி எப்படி நிக்கும்?"

மூன்றும் யோசிக்க உட்கார்ந்தன.