பூர்ணிமாவோட மவுஸ்

அக்கா, தூங்கிட்டியா? ஒண்ணு சொல்றேன், சிரிக்காத.

எங்க ஸ்கூல் லேப் கம்ப்யூட்டர்ல ரைட் புரொடெக்‌ஷன்னு ஒரு பூட்டு போட்டிருக்காங்க. நாம எதை மாத்துனாலும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழையபடி ஆயிடும். என் ஃப்ரெண்ட் பூர்ணிமாவுக்கு எல்லாமே இடது கை. தினமும் வந்ததும் செட்டிங்ல மவுஸை இடது கைக்கு மாத்துவா. மறுநாள் வலது கைக்கே வந்து நிக்கும். "கம்ப்யூட்டருக்கே உன்னைப் புடிக்கலடி எரும"ன்னு ஓட்டுவேன். "ஒருநாள் அதுவே வழிக்கு வரும் பாரு"ம்பா.

போன வருஷம் அவ காய்ச்சல்ல செத்துட்டா, உனக்குத் தெரியுமே. அதுலேருந்து அவ உக்காந்த கம்ப்யூட்டர் மட்டும் தினமும் இடது கையிலதான் ஆன் ஆகுது. யாரும் மாத்தல. நான்தான் அங்க உக்கார்றேன். அவ பக்கத்துலயே இருக்கற மாதிரி இருக்கும்.

இன்னிக்கு நிர்மலா மிஸ் ஏதோ புதுசா ஏத்தறதுக்காக புரொடெக்‌ஷனை எடுத்தாங்க. அந்த நேரம் பாத்து, இது எப்பவும் அழியக் கூடாதுன்னு இடது கைன்னு நானே சேவ் பண்ணேன். மிஸ் திரும்பப் பூட்டிட்டு ஆன் பண்ணாங்க. வலது கை. அவ அதை விட்டுப் போயிட்டாளேன்னு அங்கயே அழுதுட்டேன்.

ராத்திரி சாப்பிடறப்ப அம்மா, "பீச்சாங்கையாலயாடி சாப்பிடுவ"ன்னு அடிச்சாங்களே. அடிக்கறவரைக்கும் எனக்கே தெரியலக்கா.