வகிடு தெரியும் ஏழு படங்கள்

மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை. நகர மைதானத்தின் வாசலில், மாரத்தான் முடிவுக் கோட்டுக்கு மேலே தொங்கிய பெரிய கடிகாரம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதன் கீழே வந்து சேர அவளுக்கு இன்னும் ஒரு தெரு பாக்கி.

இடது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. இருந்தும் வலது கை பழக்க தோஷத்தில் அங்கே போய்ப் போய்த் திரும்பியது.

வீட்டுக் கூடத்துச் சுவரில் ஏழு படங்கள் மாட்டியிருக்கின்றன. வருடத்துக்கு ஒன்றாக, எல்லாம் இதே கோட்டில் எடுத்தவை. ஒன்றில்கூட அவள் முகம் இல்லை. கோட்டை மிதித்ததும் குனிந்து கைக்கடிகாரத்தை அமுக்குவாள். படம் எடுப்பவரும் சரியாக அப்போதுதான் அமுக்குவார்.

போன மாதம் வந்திருந்த நாத்தனார்தான் கேட்டாள். "அண்ணி, இதுல உங்க மூஞ்சி எங்க?"

கணவர் முந்திக்கொண்டார். "வகிடு தெரியுதுல்ல? அதான் உங்க அண்ணி. அந்த ஓட்டம் ஓடியும் கோணாம இருக்கு பாரு."

"அப்ப மெடல வகிட்டுக்கா குடுத்தாங்க?"

அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அன்று அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் சுருக்கென்றது. இத்தனை வருடமும் அந்தப் படங்களில் அவள் பார்த்தது தலைக்கு மேலே தெரிந்த நேரத்தை மட்டும்தான். போன வருடத்தைவிட எத்தனை நிமிடம் குறைந்தது, அவ்வளவுதான்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. "மூச்சப் பிடிங்க... விடுங்க" என்று நாளெல்லாம் ஊராருக்குச் சொல்கிற வாய். தனக்கென்று ஒரு தடவை 'விடுங்க' சொல்லிக்கொண்டதில்லை.

இந்த முறை முகத்தோடு வீடு திரும்புவது என்று முடிவு செய்தாள். விடியற்காலையில், ஓட்டம் தொடங்குமுன், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கணவர் கையில் திணித்தாள்.

"நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

பின்வரிசையில் நின்று கிளம்பினாள். மெதுவாக ஓடுகிறவர்களின் உலகம் வேறாக இருந்தது. பேச்சு, பாட்டு, வழியில் யாரோ நீட்டிய ஆரஞ்சுச் சுளை. தொந்தி குலுங்க ஓடிவந்த பேக்கரிக்காரர் ஒருவர், "ஜெயிக்கவாம்மா வந்தோம்? நமக்காக ரோட்டையே மூடி வச்சிருக்காங்க, வீணாப் போயிடுமேன்னு வந்தேன்" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறி, நின்று தண்ணீர் குடித்துவிட்டு ஓட வேண்டியிருந்தது.

ஏழு வருடம் ஓடிய பாதையை ஒட்டி ஒரு வாய்க்கால் போகிறது என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது கோடு கண்முன்னே. கூட்டம் கத்தியது. வலது கை மறுபடி நழுவப் பார்த்தது. அதை நம்ப முடியாமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள்.

முகத்தை நிமிர்த்தி, பல் அத்தனையும் தெரிய, கோட்டைத் தாண்டினாள்.

நிமிர்ந்த கண்ணில், தடுப்புக் கம்பிக்குப் பின்னால், மஞ்சள் துண்டு ஒன்று பட்டது. அது அவளுக்காகக் கணவர் தோளில் போட்டுவரும் துண்டு. ஓடுகிறவர்கள் கொடுத்துவைத்த பைகளைத் திரும்ப வாங்கும் கூடாரத்தில் நிற்கச் சொல்லியிருந்தாள். எல்லா வருடமும் அங்கேதான் இருப்பார். "எவ்வளவு?" என்று கேட்பார். அவள் நேரத்தைச் சொன்னதும் "அடேயப்பா!" என்று துண்டை நீட்டுவார்.

இன்றைக்கு மட்டும் இங்கே வந்துவிட்டாரே என்று நினைத்தாள்.

அவரோ அவளைப் பார்க்கவில்லை. குனிந்து, அவளுடைய கைக்கடிகாரத்தை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"கரெக்டா அமுக்கிட்டேன்!" கம்பிக்கு மேலே எக்கிக் கத்தினார். "ஒரு செகண்டு தப்பல!"

"அத யாரு கேட்டா? என் மூஞ்சியப் பார்த்தீங்களா இல்லையா?"

அவர் முகத்தில் அசடு வழிந்தது.

அடுத்த வாரம் படம் வந்தது. முகம் நடுநாயகமாக, முழுசாக விழுந்திருந்தது. சட்டம் போட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோது, தொழில் புத்தி, கண் படத்தின் மூலைக்குப் போயிற்று. எக்ஸ்ரேயில் இடமா வலமா என்று குறிக்கும் எழுத்தை மூலையில் தேடித் தேடி வந்த பழக்கம்.

மூலையில் தடுப்புக் கம்பி. மஞ்சள் துண்டு. குனிந்த வழுக்கை.

சுவரில் இருந்த மற்றப் படங்களின் மூலையையும் பார்த்தாள்.

போன வருடத்துப் படத்தில் அதே கம்பி, அதே துண்டு. அதற்கு முந்தின வருடத்திலும். ஒவ்வொன்றாகப் பின்னால் போனாள். ஏழிலும் அவர் நின்றிருந்தார். துண்டைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு, வாய் பிளக்கக் கத்திக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டு. முதல் படத்தில் தலையில் முடிகூட இருந்தது.

கோட்டில் நின்று நேரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, கூடாரத்துக்கு ஓடிப்போய், ஒன்றும் தெரியாதவர்போல் "எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்.

உள்ளேயிருந்து சுத்தியலோடு வந்தவர், "எங்க அடிக்கட்டும்?" என்றார்.

"எல்லாத்துக்கும் முன்னாடி" என்றாள்.

எட்டாவது படம் இப்போது வரிசையில் முதலில் இருக்கிறது. அவள் ஓடியதிலேயே மிக மெதுவான ஓட்டம் அதுதான்.