கட்டம் போட்ட முகம்

ஓவிய வாத்தியார் ஞானதிரவியம் வேலையில் இருந்த காலமெல்லாம் வரைந்தது தலைவர்களைத்தான். புகைப்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போடுவார். பள்ளிக்கூடச் சுவரிலும் அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தை ஏற்றுவார். கடைசியில் கோடுகளை அழித்ததும் தலைவர் சிரிப்பார். ஓய்வு பெற்றபின், தனக்கென்று ஒரு படமாவது வரைய வேண்டும் என்று மனைவி செல்வபாயை எதிரே உட்காரவைத்தார். கை நகரவே இல்லை. வெற்றுத் தாளைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

"நீ அடுக்களைக்குள்ள போயி ஜன்னல்கிட்ட நில்லு."

"நாள்பூரா அங்கதான நிக்கேன்" என்று அவள் எழுந்து போனாள்.

அவர் வெளியே நாற்காலி போட்டு, தாளில் கட்டம் போட்டுக்கொண்டு, ஜன்னலின் சதுரக் கம்பிகள் வழியாக அவளைப் பார்த்து வரைந்தார். நெற்றி ஒரு கட்டத்தில் அடங்கியது. வாயோரச் சுருக்கம் இன்னொரு கட்டத்தில். அது எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. முகம் அச்சாக வந்துவிட்டது. தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டு ரப்பரை எடுத்தார்.

செல்வபாய் கம்பிக்குள்ளிருந்து சொன்னாள்:

"கோட்ட மட்டும் அழிச்சிராதீங்க. அப்புறம் வேற யாரோ மாதிரி ஆயிரும்."